பெண் பிள்ளைகளுக்கு ஓப்பன் பிரிவின் கதவை மூடாதீர்கள்: சதுரங்கச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட, மாநிலச் சதுரங்கச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

அண்மையில் ஒரு மாவட்டத்தின் ரேட்டிங் போட்டி (ஆட்டக்காரரின் தரப்புள்ளி கணக்காகும் போட்டி) அறிவிப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ஆண்களும் பெண்களும் கலந்து ஆடக்கூடிய ஓப்பன் பிரிவும் மகளிர் பிரிவும் ஒரே ஐந்து நாளில், ஒரே மண்டபத்தில். மகளிருக்கு நுழைவுக் கட்டணம் பாதி. ஓப்பனில் வழக்கமாக வைக்கும் சிறந்த பெண் ஆட்டக்காரர் பரிசு இம்முறை இல்லை. கடைசி வரி: பெண்கள் மகளிர் பிரிவில் மட்டுமே பதிவு செய்ய வேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்கு, பெண்களை ஊக்குவிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பதில் வந்தது. மற்ற சில மாவட்டங்களிலும் இதையே பின்பற்றலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அதனால்தான் ஒரு சங்கத்துக்குத் தனியாக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறோம்.

பெண் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள். ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, உட்காருபவர்களும் எங்களில் உண்டு. உங்கள் நோக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. கணக்குதான் இடிக்கிறது. அதை முதலில் போட்டுக் காட்டிவிடுகிறோம்.

15 வயதுப் பெண், ரேட்டிங் 1750 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிறையும் ஆண்டின் முடிவு வரை, 2300க்குக் கீழே இருக்கும் மட்டும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் அவளுடைய கே எண் 40. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த எண்ணால் பெருக்கினால் ரேட்டிங் மாற்றம் வரும். மாவட்ட மகளிர் பிரிவில் அவளுக்கு வாய்க்கும் எதிராளிகளின் சராசரி பெரும்பாலும் 1450 அளவில் இருக்கும். 300 புள்ளி இடைவெளிக்கு ஃபிடே அட்டவணை அவளிடம் எதிர்பார்ப்பது ஆட்டத்துக்கு 0.85. ஒன்பது சுற்றுக்கு 7.65. அவள் 7.5 எடுத்து முதல் பரிசு வாங்குகிறாள். கோப்பை உண்டு, சால்வை உண்டு, மறுநாள் பத்திரிகையில் படம் உண்டு. அடுத்த மாதப் பட்டியலில் 6 புள்ளி குறைந்திருக்கும்.

அதே பெண் அதே ஐந்து நாளில் ஓப்பனில் ஆடி, எதிராளிகளின் சராசரி 1850 ஆக அமைந்தால், எதிர்பார்ப்பு ஆட்டத்துக்கு 0.36, மொத்தம் 3.24. ஒன்பதுக்கு நான்கு எடுத்தால் போதும், 30 புள்ளி ஏறும். பரிசளிப்பில் அவள் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள், படமும் வராது. ஆனால் வளர்ந்தது இந்தப் பெண்தான். உங்கள் அறிவிப்பு முதலாவது பாதையைக் கட்டாயமாக்கி, இரண்டாவதை அடைக்கிறது.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு சிக்கல் சுவிஸ் முறையைப் பற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் சம புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் முறை அது. முப்பது பேர் உள்ள பிரிவில் முதல் ஆளைப் பிரித்தெடுக்க ஐந்து சுற்று போதும். ஒன்பது சுற்று வைத்தால், முன்னணியில் இருப்பவர்கள் ஐந்தாறு சுற்றுக்குள் ஒருவரோடொருவர் ஆடித் தீர்த்துவிடுவார்கள். ஒரே எதிராளியோடு மறுமுறை ஆட முடியாது என்பதால் மிச்சச் சுற்றுகளில் கீழ் போர்டுகளிலிருந்து ஆள் வரும். அவர்களில் பலருக்கு ரேட்டிங்கே இருக்காது. ரேட்டிங் இல்லாதவரோடு ஆடிய ஆட்டம் ரேட்டிங் உள்ளவருக்குக் கணக்கில் சேராது. ஒன்பது சுற்று ஆடிவிட்டு வருகிற பெண்ணுக்கு ஆறு ஆட்டம்தான் கணக்கில் ஏறுகிறது என்றால் காரணம் இதுதான். பெற்றோர் எங்களிடம் வந்து ஆர்பிட்டர் தப்பாகப் பதிந்துவிட்டாரா என்று கேட்கிறார்கள்.

ஒரே இருபது முப்பது பேர் ஆண்டு முழுதும் ஒருவரிடமிருந்து ஒருவர் புள்ளியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது புதிய கேள்வியும் இல்லை. 1980களில் உலக அளவிலேயே நடந்தது. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடியதால் அவர்களுடைய ரேட்டிங் ஆண்களுடைய அளவுகோலோடு பொருந்தவில்லை என்று வாதம் எழுந்தது. ஃபிடே 1987 ஜனவரிப் பட்டியலில் எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளியைக் கூட்டிக் கொடுத்தது. ஹங்கேரியின் ஸூசன் போல்கருக்கு மட்டும் கூட்டவில்லை. அவர் ஆண்களோடு ஆடியே தன் புள்ளிகளைச் சம்பாதித்தவர் என்பது காரணம். அதனால் அவர் முதலிடத்தையும் இழந்தார், அது வேறு அநியாயம். அடைத்த குளத்தில் ரேட்டிங் கெட்டுப்போகும் என்பதை ஃபிடேயே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. நாற்பது ஆண்டு கழித்து நாம் நம் மாவட்டத்தில் அந்தக் குளத்தைப் புதிதாக வெட்டுகிறோம்.

மேலே போகப் போக இது இன்னும் இறுகும். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு ரேட்டிங் 2500 தொட வேண்டும், அதோடு நார்ம்களும், அதாவது வலுவான போட்டிகளில் எட்டிக்காட்ட வேண்டிய தகுதி அளவுகளும், வேண்டும். ஒரு நார்முக்கு குறைந்தது 9 ஆட்டம், 2600 அளவிலான ஆட்டத்திறன், எதிராளிகளில் பாதிப் பேர் பட்டம் பெற்றவர்கள், மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டர்கள். எதிராளிகளின் சராசரி 2380க்குக் குறையக் கூடாது. அந்தச் சராசரியில் ஒன்பதுக்கு 7 எடுத்தால்தான் நார்ம். சராசரி 2475 ஆனால் 6 போதும். எதிராளிகளின் சராசரி 2200 ஆக இருக்கும் ஒரு மகளிர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது அடித்தாலும் கிராண்ட்மாஸ்டர் நார்ம் கிடையாது. அதாவது எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அந்த அறைக்குள் இருக்கும்வரை அந்தப் பட்டம் அவளுக்கு எட்டாது.

திவ்யா தேஷ்முக் 2025 ஜூலையில் மகளிர் உலகக் கோப்பையை வென்று நேராகக் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லையா என்று கேட்பீர்கள். ஆனார். ஜார்ஜியாவின் பத்துமியில் நாக்-அவுட் முறையில் அவர் கடந்து வந்தவர்கள் உலகின் முன்னணிப் பெண்கள். இறுதியில் எதிரே இருந்தவர் கோனேரு ஹம்பி. அந்தப் பிரிவின் வலு வேறு. மேலும் அவர் 2024இலேயே நெதர்லாந்தின் வைக் ஆன் சீ நகரின் டாட்டா ஸ்டீல் சேலஞ்சர்ஸ் பிரிவில் ஆண்களோடு ஆடியவர். திவ்யா இந்தியாவின் 88ஆவது கிராண்ட்மாஸ்டர். அந்த 88இல் பெண்கள் நான்கு பேர்: 2002இல் ஹம்பி, 2011இல் துரோணவல்லி ஹரிகா, 2023 டிசம்பரில் 2500ஐத் தொட்ட நம் வைஷாலி, பிறகு திவ்யா. 84க்கு 4. பெண்கள் தனியாக ஆட இடம் போதவில்லை என்பதால் வந்த எண்ணிக்கை இல்லை இது.

வைஷாலி 2018இல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் (பெண்களுக்கு மட்டுமான தனிப் பட்டம்), 2021இல் கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டர். அவருடைய கடைசி நார்ம் 2023 கத்தார் மாஸ்டர்ஸில் வந்தது, 2500 ஸ்பெயினின் எல் யோப்ரெகாட் ஓப்பனில். இரண்டும் ஆண்களும் பெண்களும் கலந்து ஆடியவை. அதே 2023இல் மகளிர் கிராண்ட் ஸ்விஸ்ஸையும் வென்றார். இரண்டு பக்கமும் ஆடினார் என்பதுதான் செய்தி. ஸூசனின் தங்கை ஜூடித் போல்கரின் வழி இதைவிடக் கடுமையானது. 1990 ஒலிம்பியாடுக்குப் பிறகு மகளிர் பிரிவுப் பக்கமே போகாமல், 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி, 2005இல் 2735 வரை ஏறினார். அந்த வழியை எல்லோருக்கும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. போல்கர் வீட்டில் தந்தையின் முழுநேர வேலையே பிள்ளைகளின் சதுரங்கம்தான். நம் வீடுகளில் அப்படி நடக்காது. மகளிர் போட்டிகளின் பரிசுப் பணமும் மாநில அணி இடமும் வேலைவாய்ப்பு ஒதுக்கீடும்தான் பல பெண்களை ஆட்டத்தில் நிறுத்தி வைக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. தேர்வு அவளிடம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

தடுக்க உரிமை இருக்கிறதா என்ற கேள்வி ஒன்று உண்டு. 1976இல் ரோகிணி காடில்கர் தேசிய ஆண்கள் சாம்பியன்ஷிப்பில் ஆடியபோது எழுந்த எதிர்ப்பு உயர்நீதிமன்றம் வரை போனது. அப்போது ஃபிடே தலைவராக இருந்த மேக்ஸ் யூவே, தேசிய, சர்வதேசச் சாம்பியன்ஷிப்களில் பெண்களைத் தடை செய்ய முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். தேசிய அளவில் ஐம்பது ஆண்டுக்கு முன் முடிந்துபோன விவாதம் மாவட்ட ரேட்டிங் போட்டியில் மறுபடி உயிர்பெறுவதற்கு ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

இனி, திறமை உண்மையில் எங்கே வளர்கிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் போட்டி அமைப்பு பயிற்சியையும் மாற்றிவிடுகிறது. நிர்வாகத்தில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஒரு பெண் 1600இலிருந்து 2000க்குப் போக நாங்கள் செய்ய வைப்பது பெரிய ரகசியம் இல்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தை ஸ்கோர் ஷீட்டில் குறித்துவர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் என்ஜினை, அதாவது ஆட்டத்தை அலசும் கணினி நிரலை, திறக்கக் கூடாது. முக்கால் மணி நேரமாவது வெறும் போர்டில் ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, எங்கே யோசித்தேன், எந்த நகர்த்தல்களைப் பரிசீலித்தேன், எதிராளி பார்த்த எதை நான் பார்க்கவில்லை என்று கைப்பட எழுத வேண்டும். முடிந்தால் எதிராளியோடு சேர்ந்தே பார்க்கலாம். வலுவான எதிராளி பத்து நிமிடத்தில் சொல்லித்தருவது ஒரு வகுப்புக்குச் சமம். அதன் பிறகுதான் என்ஜின், அதுவும் நம் குறிப்பைச் சரிபார்க்க. வாரத்தில் ஐந்தாறு கடினமான நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 15 முதல் 20 நிமிடம், காயைத் தொடாமல் முழு வரிசையையும் தாளில் எழுதி முடித்துவிட்டே விடையைப் பார்ப்பது. எண்ட்கேமில், அதாவது காய்கள் குறைந்த இறுதிக் கட்டத்தில், முதலில் ரூக்கும் சிப்பாயும் மிஞ்சும் ரூக் எண்டிங்: லூசினா என்ற வெற்றி நிலையில் ரூக்கால் பாலம் கட்டுவது, பிலிடோர் என்ற டிரா நிலையில் ரூக்கை மூன்றாம் வரிசையில் வைத்துத் தாங்குவது, சிப்பாய் முன்னேறியதும் அதே ரூக்கைக் கடைசி வரிசைக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுப்பது.

இவ்வளவையும் வீட்டில் செய்யலாம். ஆனால் போட்டியில் எதிரே இருப்பவர் இருபதாவது நகர்த்தலில் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டால், அந்த ரூக் எண்டிங் வரவே வராது. நான்கு மணி நேரம் தாங்கி, ஒரு சிப்பாய் குறைவான நிலையில் டிரா எடுக்கும் பழக்கம் வராது. நேர நெருக்கடியில் முப்பது விநாடியை வைத்துக்கொண்டு பதினைந்து நகர்த்தல் ஓட்டும் துணிவும் வராது. எதிராளி எதிர்த்தால்தான் அந்தத் தசை வேலை செய்யும்.

பலவீனமான பிரிவில் வேறொன்று நடக்கும். பயிற்சியாளர்களான எங்கள் மீதே வரும் குற்றச்சாட்டு இது, மறைக்கவில்லை. கோப்பை சீக்கிரம் வேண்டும் என்று பெற்றோர் அழுத்தும்போது, சிலர் பிள்ளைக்கு ஆட்டத்தைச் சொல்லித்தராமல் பொறிகளைச் சொல்லித்தருகிறார்கள். ஃப்ரைட் லிவர் என்ற தொடக்கத் தாக்குதலும், சிப்பாயைப் பலிகொடுத்து வைக்கும் நாலைந்து கேம்பிட் பொறியும் தெரிந்தால் 1400 அளவிலான பிரிவில் மாதம் ஒரு கோப்பை எடுத்துவிடலாம். ஆறு மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். 1700ஐத் தாண்டியதும் எதிராளிகளுக்கு அந்தப் பொறிகள் மனப்பாடம். பிள்ளை அங்கேயே இரண்டு ஆண்டு நிற்கும். அதற்குள் பத்தாம் வகுப்பு வந்துவிடும். கடைசி இரண்டு சுற்றில் இடம் பறிபோகக் கூடாது என்று பன்னிரண்டாவது நகர்த்தலில் டிரா பேசிக் கையெழுத்துப் போடுவது இன்னொரு வியாதி. அணித் தேர்வும் மகளிர் பிரிவும் ஒன்றாக வரும் இடங்களில் இது மிகுதி. டிரா பேசிய பன்னிரண்டு நகர்த்தலில் யாரும் எதையும் கற்றதில்லை.

செஸ் குருகுலம் என்ற பயிற்சிப் பள்ளியை 2008இல் ஆர்.பி. ரமேஷோடு சேர்ந்து தொடங்கிய ஆர்த்தி ராமசாமி, 1999இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களின் உலகச் சாம்பியன். அவருக்குச் சற்று முன்னே தமிழ்நாட்டிலிருந்து எழுந்த எஸ். விஜயலட்சுமி, 2001இல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர். இந்த மாநிலத்துக்கு இதில் முன்னோடிகள் குறைவில்லை. ஏழு, ஒன்பது வயதுப் பிரிவுகள் நடக்கும் மண்டபத்தில் போய் நின்று பாருங்கள், பெண் பிள்ளைகளின் வரிசை நீளமாக இருக்கும். பதினேழு, பத்தொன்பதில் அதே மண்டபத்துக்கு வாருங்கள். எங்கே போனார்கள்?

கட்டணம் பாதி என்பதால் யாரும் திரும்பி வரப்போவதில்லை. வெளியேறும் காரணங்கள் வேறு, பலதும் உங்கள் கையில் இருப்பவை. 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் கொண்ட ஆட்டம் 60 நகர்த்தல் போனால் நான்கு மணி நேரம். மாலை 4 மணிக்கு அறிவித்த இரண்டாம் சுற்று பேரிங் (யாரோடு யார் என்ற பட்டியல்) தாமதத்தால் நாலரைக்குத் தொடங்கினால், கடைசி போர்டு எட்டரைக்கு மேல்தான் முடியும். மண்டபம் ஊருக்கு வெளியே இருக்கும் பொறியியல் கல்லூரி. கடைசிப் பேருந்து போயிருக்கும். பதினாறு வயதுப் பையனை அப்பா இரண்டு நாள் பார்த்துவிட்டு, நண்பர்களோடு தங்கட்டும் என்று விட்டுப் போய்விடுவார். பெண்ணுக்கு ஐந்து நாளும் ஒருவர் உடன் இருந்தாக வேண்டும். தங்கும் செலவும் பயணச் செலவும் இரட்டிப்பு, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஐந்து நாள் விடுப்பு. அதற்கு முன்னால் நுழைவுக் கட்டணத்தில் மிச்சமாகும் சில நூறு ரூபாய் ஒரு பொருட்டே இல்லை.

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டால் வேலை நடக்காது. ஃபிடே விதிப்படி கழிப்பறையும் ஆட்ட வளாகத்துக்குள் அடக்கம். ஆர்பிட்டரின் அனுமதி இல்லாமல் ஆட்டக்காரர் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது. பெண்கள் கழிப்பறை அடுத்த கட்டடத்தில், அதுவும் பூட்டி, சாவி வாட்ச்மேனிடம் என்றால், அவள் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு, சொந்தக் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் போய்வர வேண்டும். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஆடும் பிள்ளைகள் உண்டு. நான்காவது மணி நேரத்தில் அவர்கள் செய்யும் தவற்றுக்கு ஓப்பனிங் காரணம் இல்லை.

சோதனை விஷயமும் இப்படித்தான். ஏமாற்றுத் தடுப்புக்காக ஆட்டக்காரரைச் சோதிக்கலாம், ஆனால் தனி இடத்தில், அதே பாலினத்தைச் சேர்ந்தவர்தான் சோதிக்க வேண்டும் என்று சதுரங்க விதிகளின் 11.3.3 சொல்கிறது. மெட்டல் டிடெக்டரைக் கையில் பிடித்தபடி ஆண் தன்னார்வலர் ஒருவர் வாசலில் நிற்கும் போட்டிகள் இந்த விதியை மீறுகின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பணியிடம் என்பதற்குள் விளையாட்டு மைதானத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ. புகாரை யாரிடம் கொடுப்பது என்ற ஒரு வரி எத்தனை போட்டி அறிவிப்புகளில் இருக்கிறது? 2024 ஜனவரியில் வைக் ஆன் சீ முடிந்ததும், பார்வையாளர்கள் தன் ஆட்டத்தை விட்டு உடை, முடி, உச்சரிப்பைப் பற்றியே பேசுகிறார்கள் என்று திவ்யா வெளிப்படையாக எழுதினார். அப்போது அவருக்கு 18 வயது. உலக அரங்கில் இருப்பவருக்கே அது நேர்கிறது என்றால், பதினான்கு வயதில் முதல் ஓப்பனுக்கு வரும் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இவற்றுக்கெல்லாம் பெண்களைத் தனிப் பிரிவில் உட்கார வைப்பதே தீர்வு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ஆனால் மண்டபமும் அதே, நேரமும் அதே, கழிப்பறையும் அதே. மாறியது எதிராளிகளின் வலு ஒன்றுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

முதலாவதாக, பெண்கள் மகளிர் பிரிவில் மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை நீக்குங்கள். ஏற்கெனவே அறிவித்த போட்டியாக இருந்தால், பதிவு முடியும் நாளுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகத் திருத்திய அறிவிப்பை வெளியிட்டு, மகளிர் பிரிவில் பதிந்துவிட்டவர்கள் வித்தியாசக் கட்டணத்தை மட்டும் கட்டி ஓப்பனுக்கு மாற வழி விடுங்கள்.

இரண்டாவது, ஒரே மாவட்டத்தின் ஓப்பன் போட்டியும் மகளிர் போட்டியும் ஒரே நாளில் மோதக் கூடாது. மாநிலச் சங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் நாட்காட்டி போடும்போதே இதைப் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் மாநிலத் தேர்வுப் போட்டி எதையும் வைக்காதீர்கள்.

மூன்றாவது, சிறந்த பெண் ஆட்டக்காரர் பரிசை ஓப்பனுக்குத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் ஒரே பரிசாக வைக்காதீர்கள். இப்போது அதைப் பட்டம் பெற்ற ஒருவரே ஊர் ஊராக எடுத்துப்போகிறார், 1500இல் இருப்பவளுக்கு எட்டுவதில்லை. 1600க்குக் கீழ், 1600 முதல் 1900 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒருவருக்கு ஒரு பரிசு, எது பெரிதோ அது, என்ற விதியையும் எழுதிவையுங்கள். கடைசி நாள் சண்டை பாதி குறையும்.

நான்காவது, மகளிருக்கென்று தனியாகச் செலவிட ஆசை இருந்தால், அதைச் செவெனிங்கன் முறைப் போட்டிக்குச் செலவிடுங்கள். ஆறு பெண்கள் ஓர் அணி, அவர்களைவிட 100 முதல் 200 புள்ளி கூடுதலாக உள்ள ஆறு பேர் எதிரணி. ஒவ்வொரு பெண்ணும் எதிரணியின் ஆறு பேரோடும் ஒரு முறை ஆட வேண்டும். ஆறு சுற்று, ஆறு போர்டு, ஒரு பள்ளி வகுப்பறை போதும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று, ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு அரைமணி நேர அலசல் கட்டாயம். முப்பதாவது நகர்த்தலுக்கு முன் டிரா பேசத் தடை போடுங்கள். ஸ்மிஸ்லோவ், ஸ்பாஸ்கி போன்ற முன்னாள் உலகச் சாம்பியன்கள் உட்கார்ந்த மூத்தோர் அணிக்கு எதிராக முன்னணிப் பெண்களை 1990களில் ஆண்டுதோறும் ஆட வைத்தது இந்த முறையில்தான். மேலே 2300ஐ நெருங்கும் பெண்கள் இருந்தால், பத்துப் பேரும் ஒருவரோடொருவர் ஆடும் ரவுண்டு ராபின் நார்ம் போட்டி ஒன்றை மாநிலச் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை நடத்தி, இரண்டு இடங்களை அவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கட்டும். நார்ம் வேண்டும் என்றால் அவளுடைய ஒன்பது எதிராளிகளில் ஐந்து பேருக்கு மேல் இந்தியர் இருக்க முடியாது. வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர்களை அழைக்கும் செலவைத் தனி ஒரு குடும்பம் தாங்காது, சங்கம்தான் தாங்க வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொரு ரேட்டிங் போட்டியிலும் குறைந்தது ஒரு பெண் ஆர்பிட்டர். மண்டபத்தைப் பேசி முடிக்கும் முன், பெண்கள் கழிப்பறை ஆட்டக்கூடத்தை ஒட்டி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நாப்கின் வையுங்கள். இரண்டு சுற்று உள்ள நாட்களில் இரண்டாம் சுற்று பிற்பகல் 2.30க்குத் தொடங்க வேண்டும், காலைச் சுற்றை 9 மணிக்கே தொடங்கினால் இது முடியும். கடைசி ஆட்டம் முடியும்வரை பேருந்து நிலையத்துக்கு ஒரு வேன் நிற்கட்டும். பெண்ணோடு துணைக்கு வரும் ஒருவருக்குத் தங்குமிடத்தில் இடம் கொடுங்கள்; கட்டணச் சலுகைக்கு ஒதுக்கிய பணம் இதற்குச் சரியாகப் போகும்.

ஆறாவது, புகார் வாங்கும் பொறுப்பில் உள்ள பெண் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு அறிவிப்பிலும், மண்டப வாசலிலும் இருக்க வேண்டும். அவர் நிர்வாகிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

ஏழாவது, பிள்ளை பெற்று ஓய்விலிருந்து திரும்பும் ஆட்டக்காரர்களைப் பற்றியது. ஹம்பி 2017இல் தாயானார், 2019 டிசம்பரில் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். ஹரிகா 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் கர்ப்பத்தின் ஒன்பதாம் மாதத்தில் ஆடினார். ஓர் ஆண்டு ஆட்டம் இல்லாவிட்டால் ஃபிடே பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் செயலற்றவர் என்ற குறி விழும், ரேட்டிங் குறையாது. ஆனால் அண்மைக்கால ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் தேர்வு விதி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அவர்கள் வெளியே நிற்கிறார்கள். மகப்பேற்றுக்கு முந்தைய ரேட்டிங்கை இரண்டு ஆண்டு வரை தேர்வுக்கு ஏற்றுக்கொள்ளும் ஒரு விதியை மாநிலச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவாருங்கள்.

இந்த மடலுக்குப் பதிலை அறிவிப்பாகவே எதிர்பார்க்கிறோம், எழுத்தில், உங்கள் சங்கத்தின் பெயரில். கணக்கில் தப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள். செவெனிங்கன் போட்டிக்கு ஆர்பிட்டர் வேலையும், ஆட்டத்துக்குப் பிந்தைய அலசலும் ஊதியமின்றிச் செய்ய நாங்கள் தயார். மண்டபத்தையும் தேதியையும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெண் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்கும் பயிற்சியாளர்கள், ஆர்பிட்டர்கள் சிலர்